விழுங்காத இரும்பு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் நலமென்று கடிதத்தில் தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்துத் "தங்கச்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

புது ஆய்வுக்கூடத்தில் இரும்புத் தகடு காமாக் கதிரை முழுசாக விழுங்கிவிடுகிறது, என்ன செய்தாலும் வழிவிட மாட்டேன் என்கிறது, எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள் என்று புலம்பியிருக்கிறீர்கள். கேட்கத்தானே செய்வார்கள்? தகடு கதிருக்கு வழிவிடும் என்று சொன்ன கட்டுரையில் உங்கள் பெயர் மட்டும்தானே இருக்கிறது!

நாம் சேர்ந்து வேலை பார்த்த பழைய ஆய்வுக்கூடத்தில், தகடு கதிருக்கு வழிவிட்டதை முதலில் பார்த்தவள் நான். அளவுகளை வரைபடமாகப் போட்டு, மூச்சிரைக்க ஓடிவந்து உங்களிடம்தான் காட்டினேன். நீங்கள் நேரே இயக்குநரிடம் போய், "அந்தப் பொண்ணு அளவுகளை மாத்தி எழுதுது சார்" என்றீர்கள். அறைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு என்னை அனுப்பினார்கள். பிறகு அதே வரைபடம் உங்கள் பெயரில் வந்தது. அப்பா சாகும்வரை என்னைக் கேட்டது ஒன்றுதான்: "நெஜமாவே நீ மாத்தலியேம்மா?"

அன்று அது வழிவிட்டதற்குக் காரணம் கேட்கிறீர்கள். நீங்கள் கட்டுரையில் எழுதியதுபோல் காந்தம் அல்ல. நான் தகட்டை ஒட்டியிருந்தது, மின்சாரம் பட்டால் நடுங்கும் படலத்தில். பக்கத்திலிருந்த, மின் அலை தரும் அலையாக்கியின் கம்பி அதைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அணுவின் அகலம்கூட இல்லாத நடுக்கம். ஆனால் அது சரியான அளவில் இருந்தால், அணுக்கருவுக்கு வரும் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்துவிடும். கரு கதிரை விழுங்காது. வேலை போன பின், ஒரு சின்னக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே இதைக் கண்டுபிடித்தேன். நீங்கள் வரைபடத்தைத்தான் எடுத்துக்கொண்டீர்கள், மேசையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது ஓடிப்போய்த் தகட்டைப் படலத்தில் மாற்றி ஒட்டாதீர்கள். என் கட்டுரை அச்சாகிவிட்டது. காந்தம் என்பது ஏன் தவறு என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறேன். நீங்கள் பேசப்போகும் மாநாட்டில் உங்களுக்கு அடுத்துப் பேசுவதும் நான்தான். பழைய தகட்டையும் கொண்டுவருகிறேன். என் சாமான்களோடு குப்பையென்று கட்டிக் கொடுத்திருந்தார்கள். இயக்குநரும் வருகிறாராம். காய்ச்சல், தலைவலி என்று நின்றுவிடாதீர்கள்.

சின்னவள் ஆசி சொல்லக் கூடாதுதான், சொல்கிறேன். நூறு வயசு இருங்கள். நீங்கள் நுழையும் அறையிலெல்லாம் உங்களுக்கு முன்பே இந்தச் செய்தி போய் உட்கார்ந்திருக்கட்டும்.

அன்புடன்,
தங்கச்சி