ரோட்டில் விழுந்த வேல்

அன்பு மகன் டில்லிபாபுவுக்கு, கே.ஜி.கண்டிகையிலிருந்து உன் நைனாவின் தம்பி, சின்ன நைனா பஞ்சாட்சரம் எழுதுவது. மலைமேல் இருப்பவன் தயவில் நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், உயிரோடு என்று ஏன் எழுதினேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும், நீ மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம். நான் படித்தது ஆறாங்கிளாஸ், பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே, ஆனால் என் கையெழுத்துக்கு இந்தத் தாலுகாவிலேயே ஈடு கிடையாது.

நீ விட்டுப்போன காரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் போதும் என்றுதான் சொன்னாய். எனக்கு மனசு கேட்கவில்லை. ஊர்ப் பசங்களெல்லாம் ஹெட்லைட்டை ஸ்டைலாக மாற்றிக்கொண்டு திரிகிறார்கள், நம் வண்டி மட்டும் தூங்குமூஞ்சியாக முழித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் குமரவேல், அண்ணா அது கம்பெனி ஒட்டினது, வூட்ல பிரிச்சா நாசமா பூடும் என்று சிரித்தான். விடுவேனா? செல்லில் வீடியோ பார்த்து, பியூட்டி பார்லர் மோனிஷாவிடம் முடி காயவைக்கும் மெஷினை வாங்கிவந்து, சூடு காட்டிக் காட்டிப் பசையை இளக்கிக் கண்ணாடியைப் பிரித்தேன். உள்ளே கறுப்புப் பெயிண்ட், சுற்றிலும் நீல வளையம், பெரிய பெரிய இன்ஜினியர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். திருத்தணி வண்டி என்று தெரிய வேண்டாமா என்று பிஸ்கட் டப்பா தகரத்தில் வேல் மாதிரி ஓட்டை வெட்டி, பல்புக்கும் உருண்டை லென்சுக்கும் நடுவில் சொருகிவிட்டேன். நேராக வைத்தால் வெளியே தலைகீழாக விழுந்தது, தலைகீழாக வைத்தேன், ரோட்டில் வேல் ஜம்மென்று நேராக நின்றது. இது ஜப்பான்காரனுக்கே தெரியாது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தினநாள் பொழுது சாயும்போது வண்டியை எடுத்துக்கொண்டு திருத்தணிப் பக்கம் கிளம்பினேன். ரோடெல்லாம் மஞ்சள் துணியும் காவடியுமாக ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். என் வேல் அவர்கள் முன்னால் விழுந்ததும் ஒருவன் அரோகரா என்றான், பிறகு எல்லோரும் அரோகரா என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பொம்பளை பூக்காவடியை ஓரமாக வைத்துவிட்டு ஓடிவந்து வெளிச்சத்தின் நடுவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டாள். பிரேக்கின் மேல் ஏறியே நின்றேன். டயர் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. யோவ் பெருசு, கண்ணு இன்னா பொடனியிலயா கீது என்று நாலு பேர் கதவைத் தட்டினார்கள். இறங்கிப் பார்த்தால் பம்பருக்கும் அவள் தலைக்கும் நடுவில் ஒரு சாண். நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்று உனக்குத் தெரியும், இந்தச் சாணை மட்டும் நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

தூக்கி நிமிர்த்தினால் உன் அம்மா. பஸ்ஸில் போவதாகச் சொல்லியிருந்த என் அண்ணி ஞானம்மாள், உனக்காக நடந்து போவதாக வேண்டிக்கொண்டு எங்களிடம் மறைத்திருக்கிறாள். கண்ணைத் திறக்காமலே, முருகா, எம்புள்ள வந்துடுவான்னு காட்டிட்டியா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் லைட்டை அணைத்தேன்.

மறுநாளிலிருந்து உன் அறைக்கு வெள்ளையடிக்கிறாள், தீபாவளிக்கு நீ வருவதாகத் தெருவெல்லாம் சொல்கிறாள். நான் தகரத்தைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனால், அந்தத் தகரம் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமிவிளக்குக்கு முன்னால் நிற்கிறது, சுவரில் மங்கலாக வேல் தெரிகிறது. நான் வாயைத் திறக்கும் முன்பே, எனக்குத் தெரியாதா பஞ்சாட்சரம், கண்ணத் தொறந்ததும் உன் மூஞ்சிதானே தெரிஞ்சிது, யார் வெட்டினா இன்னா, வேல் வேல்தான், டில்லி வரட்டும் என்றாள்.

மூன்று வருஷமாக அடுத்த தீபாவளி, அடுத்த தீபாவளி என்கிறாய். இந்தத் தடவை லீவு கேள் நைனா. நல்லா இரு, நூறு வயசு இரு. டிக்கெட் போட்டதும் அம்மாவுக்கு முதலில் சொல். ஏர்போர்ட்டுக்கு நான் ரயிலில்தான் வருவேன். உன் காரில் ஏற எனக்கு இன்னும் கால் வரவில்லை, சாவியை நீயே வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் சின்ன நைனா
பஞ்சாட்சரம்