கடைக்காரர் கையில் இருந்த மணி

13 ஜூலை 1996, சனி

தூக்கம் வரவில்லை. அடுத்த அறையில் இவர் குறட்டை விடுகிறார்.

திங்கட்கிழமை காலை வனத்துறை ஜீப் வரும். ஊருக்குள் புகுந்து இரண்டு பேரை மிதித்துக் கொன்ற யானையைச் சுட இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாமனாரின் பெரிய ரைஃபிளுக்குக் குறி பார்க்கும் புது சைட் போட, இன்று துப்பாக்கிக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார்.

பின்பக்க சைட்டில் கடைக்காரர் இரண்டு விதம் காட்டினார். ஒன்று சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பது, மற்றது அகலமான 'வி' வெட்டு.

"புதர்ல யானை திடீர்னு வந்தா, ஓட்டையில தேடிட்டு நிக்க முடியாது," என்று இவர் வெட்டையே எடுத்தார். அது சரிதான்.

கடைக்காரர் அதைப் பொருத்திவிட்டு, குழல் நுனியில் முன்பக்க சைட்டாக இருந்த பழைய மணியைக் கழற்றினார். அங்கே போட வேண்டிய புது வெள்ளை மணி அவர் உள்ளங்கையில் இருந்தது. அதற்குள் இவர் துப்பாக்கியை வாங்கிக் கண்ணை மூடி, தோளில் வைத்து, கண்ணைத் திறந்தார். அப்படித்தான் சோதிப்பது வழக்கம்.

"கரெக்டா இருக்கு பாய். வெள்ளை மணி பளிச்சுனு தெரியுது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். உள்ளங்கையை மூடிக்கொண்டார். "சரி சார், குடுங்க, டைட் பண்ணித் தரேன்," என்றார்.

அல்சூர் வழியாக ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "கண் டாக்டரை ஒரு தடவை பாத்துட்டுப் போலாமாங்க?"

"எதுக்கு? நீ சும்மா இரு."

காட்டில் இவரை நம்பி நாலு பேர் பின்னால் நிற்பார்கள். இவரைக் கூப்பிட்ட வனத்துறை அதிகாரியின் வீட்டு நம்பர் எனக்குத் தெரியும். ஆனால் ஹாலில் போன் டயலைச் சுற்றினால் இவர் எழுந்துவிடுவார். காது இவருக்கு நன்றாகத்தான் கேட்கிறது.

குறட்டைச் சத்தம் நின்றுவிட்டது.