இருக்கைக்குக் கீழே இரண்டு

என் அன்பு ராங்கிக்கு,

இங்கே நானும், நீ விட்டுப்போன பூந்தொட்டிகளில் பாதியும் நலமாக இருக்கிறோம். மீதிப் பாதி என் கைராசியில் அழுகிவிட்டது. தண்ணீரில் ஆளைக் காப்பாற்றத் தெரிந்தவருக்குத் தண்ணீரிலிருந்து செடியைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரே சிரிப்பு. அந்த ஊரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வார்டில் நாள் முழுக்க நின்று கால் வீங்குகிறது என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது?

தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் ஒன்று கோபம் வருகிறது, இல்லாவிட்டால் "சரி, வச்சிடறேன்" வருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதைச் சொல்ல எனக்குத் தாள்தான் தோதுப்படுகிறது. முழுவதும் படித்துவிட்டுப் பிறகு சிரி.

முதலில் கைக்குட்டை விஷயம். நீ போனில், அந்தப் பழைய கப்பல் படத்தை மறுபடி தியேட்டரில் போட்டிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் எல்லோரும் சேர்ந்து போனோம், நான் அழுத அழுகையைப் பார்த்து மருந்தகக்காரர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார், பாவம், அவரும் அழுதார் என்று சொன்னாய். நான் "ஓகோ" என்றேன். அந்த ஓகோவுக்குள் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்? அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா? துவைக்காமல் கொடுத்தால் அது ஒரு மாதிரி. துவைத்து, மடித்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தால் அது இன்னொரு மாதிரி. எப்படிக் கொடுத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒளிவுமறைவு எதற்கு, எனக்குப் பொறாமைதான். மருந்தகக்காரர் மேல் கால்வாசி. மிச்சம் முக்கால்வாசியும் அந்தப் படத்துக் கதாநாயகன் மேல். பெண்களுக்காவது சக்களத்தி என்று ஒரு சொல் இருக்கிறது, திட்டுவதற்கு வசதியாக. எனக்கு வந்து வாய்த்தவனை என்ன சொல்லித் திட்டுவது?

அவனுக்கென்ன, மகராசன். கப்பலில் விளக்குத் துடைக்கிறவன். அவள் டாக்டர். பார்த்ததும் காதல். புயல் வருகிறது, கப்பல் பாறையில் மோதுகிறது, கடைசியில் இருப்பது ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட். அதை அவளுக்குக் கட்டிவிட்டு, "கீழே எனக்கு இன்னொன்று இருக்கிறது" என்று பொய் சொல்லிவிட்டு இறங்கிப் போகிறான். அவ்வளவுதான், அவன் வேலை முடிந்தது. அவனுக்குத் தொப்பை விழப்போவதில்லை. ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டு உன்னிடம் வசவு வாங்கப்போவதில்லை. குறட்டை இல்லை, மாமனார் வீட்டு விசேஷம் இல்லை, குழாய் ஒழுகுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை யாரும் அவனை எழுப்பப்போவதில்லை. செத்தவனோடு உயிரோடிருக்கிறவன் எப்படிப் போட்டி போடுவது, சொல்.

கல்யாணமான புதிதில் நாம் பார்த்த முதல் படம் அது. நீ என் தோளில் சாய்ந்து சட்டை நனைய அழுதாய். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வெளியே வந்ததும், அவன் கட்டின முடிச்சு தப்பு, தண்ணீரில் விழுந்தவுடன் ஜாக்கெட் தலைவழியாகக் கழன்று வந்துவிடும் என்று சொன்னேன். பஸ் வரும்வரை நீ பேசவில்லை. பஸ் வந்த பிறகும் பேசவில்லை. என்ன செய்வது? படகில் ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே கையை விட்டு, ஜாக்கெட் இருக்கிறதா, பட்டை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்ற நிலைமை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். நான் என் வேலையை ஒழுங்காகச் செய்தால் படமே கிடையாது.

அதனால்தான் போன வாரம் நீ, "அந்த இடத்துல நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டபோது, "நம்ம படகுல அந்த நிலைமையே வராது" என்று பதில் சொன்னேன். நீ, "உங்ககிட்டப் போய்க் கேட்டேன் பாருங்க" என்றாய். அதே மூச்சில், ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும், என்ன செய்யட்டும் என்றும் கேட்டாய். நான் "உன் இஷ்டம்" என்றேன். அப்போது பெருந்தன்மையாகப் பேசியதாக நினைத்தேன். போனை வைத்த பிறகுதான் அது வெறும் வீம்பு என்று புரிந்தது. உனக்கும் அது அப்படித்தான் கேட்டிருக்கும்.

இங்கேயும் அந்தப் படம் ஓடுகிறது. அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று சனிக்கிழமை மதியக் காட்சிக்குத் தனியாகப் போனேன். கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். என் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கைதான் காலி. கப்பல் மூழ்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். முன்னால் உட்கார்ந்திருந்தவர் வசனத்தை ஒரு நொடி முன்பே சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியும் பாறை வரும்போது அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், இந்தத் தடவையாவது கப்பல் திரும்பிவிடாதா என்று. நானும்தான் பிடித்துக்கொண்டேன். வெளியே சொல்லாதே.

அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கைதான் பொறுப்பு. கப்பல் சாய்ந்தது, சங்கு ஊதியது. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக இருக்கைக்குக் கீழே போய்விட்டது. ஏதோ பட்டையாகத் தட்டுப்பட்டது, இழுத்தேன். பக்கத்துக் காலி இருக்கைக்குக் கீழேயும் கையை விட்டேன், அங்கேயும் பட்டை. அதையும் இழுத்தேன். பின்வரிசையில் ஒரு அம்மாவும் மகளும் தங்கள் கைப்பைகளை எங்கள் இருக்கைகளுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மகள் "திருடன், திருடன்" என்று கத்தினாள். திரையில் கதாநாயகன் தியாகம் செய்துகொண்டிருக்கிறான், இங்கே நான் இரண்டு பெண்களின் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன்.

டார்ச்காரர் ஓடிவந்து என் முகத்தில் வெளிச்சம் அடித்தார். படகில் வேலை செய்கிறேன், லைஃப் ஜாக்கெட் என்று நினைத்து எடுத்துவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மாவே சிரித்துவிட்டார்கள். டார்ச்காரர் மட்டும் விடவில்லை. "சரிய்யா, பழக்கதோஷம்னே வச்சுக்குவோம். ஒத்த ஆளுக்கு ரெண்டு எதுக்கு?" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "இன்னொண்ணு என் வீட்டுக்காரிக்கு" என்றேன்.

அவர் டார்ச்சைக் காலி இருக்கைமேல் அடித்துப் பார்த்தார். பிறகு அணைத்துவிட்டார். பைகளை வாங்கிக் கொடுத்துவிட்டு, "உட்காருங்க, படம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உட்கார்ந்தேன். படத்தில் எதையும் பார்த்ததாக ஞாபகம் இல்லை. என் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, இந்தத் தடவை நீ பக்கத்தில் இல்லாமலே.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கடைசி ஜாக்கெட்டை உனக்குக் கட்டிவிட்டு, பொய் சொல்லிவிட்டு, அழகாகச் சாக எனக்கு வராது. கப்பல் முழுக்கக் குப்புற விழுந்து தேடி, யாரிடமாவது அடி வாங்கியாவது இரண்டாவதைக் கொண்டுவருவேன். சரியான முடிச்சாகப் போடுவேன். அதன் பிறகு உன்னோடு மிதந்தபடியே, இடது காலை ஏன் ஆட்டவில்லை என்று சண்டை பிடிப்பேன். இதை எவனும் படம் எடுக்கமாட்டான், எடுத்தாலும் யாரும் அழமாட்டார்கள். ஆனால் மறுநாள் காலையில் நீயும் இருப்பாய், நானும் இருப்பேன்.

"உன் இஷ்டம்" என்றதை வாபஸ் வாங்குகிறேன். உன் வேலை பெரிய வேலை, நோயாளிகள் உன்னைத் தேடுவார்கள், எல்லாம் தெரியும். இங்கே இருக்கிற ஆஸ்பத்திரியிலும் கால் வீங்க நிற்க இடம் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்டாலும் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். அதுவும் அந்த விளக்குக்காரன் சொன்ன பொய் மாதிரி ஆகிவிடும். கீழே எனக்கு இன்னொன்று இல்லை. போடாதே. வந்துவிடு.

இத்துடன் இரண்டு புதுக் கைக்குட்டைகள் வைத்திருக்கிறேன். ஒன்றை மருந்தகக்காரரிடம் கொடுத்து, என் வீட்டுக்காரர் நன்றி சொல்லச் சொன்னார் என்று சொல். 'வீட்டுக்காரர்' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல். இன்னொன்று உனக்கு. ஆசைப்பட்டால் அந்தப் படத்தை இன்னும் பத்து தடவை பார். அவனுக்காகவே அழு, எனக்கு ஆட்சேபம் இல்லை. துடைப்பது மட்டும் என்னுடையதாக இருக்கட்டும்.

நீ நல்லபடியாக இருக்கவேண்டும், என் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன்
படகுக்காரன்