சத்தம் வராத பலகையைத் திருப்பிக் கேட்டு

அனுப்புநர்:
நோயெமி வோக்லேன்,
(கைதி ஃபபியேன் வோக்லேனின் தங்கை)
மீன்சந்தைத் தெரு, மூன்றாம் மாடி,
லு ஆவ்ர்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மாவட்டச் சிறைச்சாலை.

பொருள்: என் அண்ணனின் அறையிலிருந்து பறிமுதல் செய்யப்பட்ட பைன் பலகையைத் திருப்பித் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அம்மையீர்,

1. சென்ற மாதம் நடந்த அறைச் சோதனையில் என் அண்ணனின் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பலகை எடுத்துச் செல்லப்பட்டது. சிறைத் தச்சுக்கூடத்தில், அங்குள்ள பயிற்றுநரின் அனுமதியோடு, அண்ணனே இழைத்துச் செய்தது. வெள்ளைக் கட்டைகளைப் பென்சிலால் கோடிட்டிருக்கிறார். கறுப்புக் கட்டைகளுக்கு மெல்லிய மரச்சில்லுகளை ஒட்டியிருக்கிறார். அது ஒரு பியானோ. அதில் சத்தம் வராது.

2. பறிமுதலுக்குச் சொல்லப்பட்ட காரணம்: ஆயுதமாகப் பயன்படக்கூடிய பொருள். சோதனையிட்ட காவலர், "சத்தமே வராத பியானோவா? அப்ப உன் கச்சேரிக்கு நாங்க காதைக் கழட்டி வெச்சுட்டு வரணுமாப்பா?" என்று கேட்டாராம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அண்ணனும் சிரித்ததாகத்தான் சொன்னார்.

3. என் அண்ணன் செய்த எதையும் இம்மனுவில் மறைக்கவில்லை. துறைமுகத்தில், கடத்தல் சரக்குப் பெட்டியைச் சொன்ன இடத்தில் வைக்க மறுக்கும் தொழிலாளர்களை அடித்து வழிக்குக் கொண்டுவருவது அவர் வேலை. அதைக் கொடுத்தவர் துறைமுக வாசலில் மதுக்கடை நடத்தியவர். எங்கள் அப்பாவுக்கும் அதே வேலையைக் கொடுத்தவர். அந்த வேலையில் பெரும்பகுதி காத்திருப்பது. ஒருமுறை மாலுமிகள் விடுதியில் ஒருவருக்காகக் காத்திருந்தபோது, அங்கே மூலையில் கிடந்த பியானோவை அண்ணன் தொட்டிருக்கிறார். வரவேண்டியவர் வந்தார், குடித்தார், போனார். அண்ணன் கவனிக்கவில்லை.

4. பிறகு நகர இசைப்பள்ளியில் சேர்ந்தார். வியாழன் மாலை. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நடுவே, அவர்களுக்கான குட்டை முக்காலியில். ஆசிரியை திருமதி துகாஸ்தெல் முதல் நாளே சொன்னாராம்: "கதவைத் தட்டுற மாதிரி அடிக்கிறீங்க ஐயா. இது கதவு இல்ல. உள்ளேயிருந்து யாரும் பயந்து வரமாட்டாங்க." அண்ணன் வீட்டுக்கு வந்து இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அப்படி மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

5. வேலையை அவர் விடவில்லை. விடலாம் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் விரல்களைக் காக்கத் தொடங்கினார். அதுவரை வெறுங்கையால் அடித்தவர், கைமுட்டியில் துணியைப் பட்டை பட்டையாகச் சுற்றி, மேலே கையுறை போட்டு, இரும்புக் கம்பியை எடுத்தார். பாரந்தூக்கி ஓட்டுநர் ஆல்பன் தெல்க்ருவாவின் முழங்கால் அப்படித்தான் உடைந்தது. வெறுங்கையாக இருந்தால் உதடு கிழிந்ததோடு போயிருக்கும். இசை என் அண்ணனை மென்மையாக்கியது என்று எழுத விரும்பினேன். முடியவில்லை.

6. நீதிமன்றம் கையுறையையும் கம்பியையும் முன்கூட்டிய திட்டத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது. ஏன் அவை என்று கேட்டபோது அண்ணன் உண்மையைச் சொன்னார்: "மறுநாள் வியாழக்கிழமைங்க. பியானோ வகுப்பு." நீதிமன்றமே சிரித்தது. அரசு வழக்கறிஞர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆக, அடுத்தவன் கால்முட்டியைவிட உங்க விரல் ஒசத்தி. அப்படித்தானே?" என்றார். அண்ணன் தன் விரல்களைப் பார்த்தார். பின்வரிசையில் இருந்த நானும் அவற்றைத்தான் பார்த்தேன்.

7. திரு. தெல்க்ருவாவை அண்மையில் சந்தையில் பார்த்தேன். ஊன்றுகோலோடு நடக்கிறார். இனி பாரந்தூக்கியில் ஏற முடியாது. நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார். "உங்க அண்ணன் உள்ள இருந்தும் வாசிக்கிறானாமே?" ஆமாம் என்றேன். "வாசிக்கட்டும்மா. நிறுத்திட்டான்னா மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடு. நான் ஊரைக் காலி பண்ணிடறேன்." சொல்லிவிட்டு நண்டு வாங்கப் போய்விட்டார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

8. பலகை இருந்தவரை நிலைமை இது. அறைத்தோழர் ரஷீத், விரல் விழும் ஓசையை வைத்தே "டேய், மறுபடியும் அதே எடத்துல தடுக்குறியே!" என்று திட்டுவாராம். முற்றத்தில் சிலர் அண்ணனைத் தேடி வந்திருக்கிறார்கள். வெளியே செய்த வேலையை உள்ளேயும் செய்யச் சொல்லி. "விரல் போயிடும்ப்பா, ஆளை விடுங்க" என்று அனுப்பிவிட்டார். கோழை என்றார்கள். பியானோக்காரி என்றார்கள். அவர் பொறுத்துக்கொண்டார். மறுப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்தது.

9. பலகை போன பிறகு நடந்த சந்திப்பில் அவர் கைகளை மேசைக்கு மேலே வைக்கவே இல்லை. "முற்றத்துல அவங்க மறுபடியும் கேட்டாங்க. இப்ப என்ன சொல்றதுன்னு தெரியல" என்று மட்டும் சொன்னார். வழக்கம்போல வெளுத்த துணிகளைக் கொடுத்து, அழுக்குத் துணிப் பையை வாங்கி வந்தேன். வீட்டில் பையைக் கொட்டினேன். உள்ளே ஒரு துண்டு இருந்தது. பட்டை பட்டையாகக் கிழிக்கப்பட்டு, கைமுட்டியில் சுற்றிப் பார்த்த மடிப்புகள் கலையாமல்.

அந்த மடிப்பை நான் அறிவேன்.

10. இதை உங்களுக்கு எழுதுவதால் அண்ணனுக்குத் தண்டனை கூடலாம். அவர் என்னோடு பேசாமலும் போகலாம். துண்டை மட்டும் துவைத்துப் போட்டுவிட்டு, பலகையைப் பற்றி மட்டும் எழுதினால் என்ன என்று ஒரு வாரம் யோசித்தேன். அப்படி எழுதினால், நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் கேட்ட கேள்விக்கு நான் ஆமாம் என்று பதில் சொன்னதாகிவிடும்.

11. ஆகவே என் வேண்டுகோள் இதுதான். முற்றத்தில் அவரிடம் கேட்பவர்கள் யார், யாரை அடிக்கச் சொல்கிறார்கள் என்று விசாரித்து, அடிபடவிருக்கும் அந்த மனிதரை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கும் முழங்கால் இருக்கிறது. பிறகு பலகையைத் திருப்பிக் கொடுங்கள். மரம் ஆபத்து என்றால், அதே அளவில் கம்பளித் துணியில் கட்டைகளைத் தைத்து வைத்திருக்கிறேன். சுருட்டினால் சட்டைக் கைக்குள் அடங்கும். அதைக்கொண்டு யாரையும் அடிக்க முடியாது. நானே என் கையில் அடித்துப் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை சந்திப்புக்கு வெளுத்த துணிகளோடு அதையும் கொண்டுவருவேன். வாயிலில் தடுக்காமல் இருக்க ஒரு வரி உத்தரவு போதும்.

அதற்குள் காவலர் யாரையாவது அண்ணனின் கைகளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இடம்: லு ஆவ்ர்
நாள்: 12 நவம்பர் 2019

தங்கள் முடிவை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
நோயெமி வோக்லேன்

இணைப்பு: துண்டு, துவைக்கப்படாதது.