தீதிக்கு வாங்கிய ஆறு தட்டுகள்

மச்சான்,

நம் கடையின் இரும்பு அலமாரியைத் திறந்தால் இன்னும் கருவாட்டு வாடை அடிக்கிறது. பினாயில் ஊற்றித் துடைத்தாயிற்று, ஊதுபத்தி கொளுத்தியாயிற்று, ஒன்றுக்கும் அசையவில்லை. நேற்று ஸ்பேனர் பெட்டியை எடுக்கத் திறந்தபோது குப்பென்று முகத்தில் அடித்தது. "உன்னால வந்த வினைடா இது" என்று வாய்விட்டே திட்டிவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். திட்டு வாங்கிக்கொள்ள நீ இல்லையே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தத் தீவுக்கு வந்து கராச்சர்மாவில் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்த நாம் இரண்டு பேரில், ஸ்பேனர் பிடிப்பது நான், மனிதர்களைப் பிடிப்பது நீ. நான் யூனிட்டைக் கழற்றி உப்புக்காற்றில் அரித்துப்போன செம்புக் காயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். நீ உள்ளே வீட்டுக்காரரோடு உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருப்பாய். எரிச்சலாக வரும். ஆனால் அடுத்த வாரமே அந்த வீட்டுக்காரர் தன் அண்ணன் வீட்டையும் ஆபீஸையும் நமக்குக் காட்டிவிட்டிருப்பார். நான் எரிச்சலை விழுங்கிக்கொண்டு ஏணியைத் தூக்குவேன்.

ஒருவர் நமக்குப் புது வேலை பிடித்துக் கொடுத்துவிட்டால் உனக்கு இருப்புக் கொள்ளாது. அவருக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். அதுவும் அபர்தீன் பஜாரில் வாங்கிக் கொடுக்க மாட்டாய். "கடையில கிடைக்கிறத அவனே வாங்கிக்குவான்டா. நாம குடுக்குறதப் பாத்தா அவனுக்கு வாய் ஊறணும்" என்பாய். யாராவது மெயின்லேண்ட் போகிறார் என்று தெரிந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் அவர் வாசலில் நின்று எனக்கு இது, எனக்கு அது என்று சொல்லிவிடுவார்கள் இல்லையா, அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் நீ. புரோத்ராபூரில் இருந்த தெலுங்குக் காண்டிராக்டருக்கு விசாகப்பட்டினம் கப்பலில் போய்வந்த ஆளிடம் சொல்லி அவர் ஊர் கோங்குரா ஊறுகாய் வரவழைத்தாய். மூடியைத் திறந்து, நின்றபடியே விரலால் தொட்டு நக்கினார் அந்தப் பெரிய மனிதர். அதற்கப்புறம் அவர் கட்டிய கட்டடத்துக்கெல்லாம் நாம்தான்.

கருவாடும் அப்படி வந்ததுதான். தூத்துக்குடிக்கார ஆபீசர், தன் குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதையும் நமக்குப் பிடித்துக் கொடுத்தவர். சுற்றிலும் கடல், தினம் துள்ளத் துள்ள மீன் கிடைக்கிற ஊரில் ஒருவருக்குக் கருவாடு பரிசளித்த ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். "ஊர்க் கருவாடு வேறடா, உனக்கென்ன தெரியும்" என்றாய். சென்னைக் கப்பலில் பார்சல் வந்து சேர்ந்தது. நான் ஏணியோடு உன் பின்னால் நிற்கிறேன். கதவு திறக்கிறது. கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறையச் சந்தனம். கார்த்திகை பிறந்ததை நாம் இருவருமே மறந்திருந்தோம்.

"வாங்க சாமி" என்று உன்னை வரவேற்றார் அவர்.

நீ பார்சலை முதுகுக்குப் பின்னால் என் கையில் திணித்தாய். "ஏசி எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம் சாமி."

அவர் மூக்கைச் சுளித்தார். "என்னமோ வாடை அடிக்குதே, கேஸ் லீக்கா?"

"ஆமா சாமி, வெளியதான் எங்கயோ. இப்பப் பாத்துருவோம்."

இல்லாத லீக்கைத் தேடி வெயிலில் அந்த வீட்டை நாம் சுற்றிவந்தோம். அடக்கிய சிரிப்பில் எனக்கு விக்கலே வந்துவிட்டது. அவர் மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றும்வரை பார்சல் நம் அலமாரியில் கிடந்தது. கடைக்குள் வந்தவர்கள் எல்லோரும் என்னையே ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில் கையில் கொடுத்தபோது அந்த மனிதர் கண் கலங்கிவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன மழையில் நீ போனாய். காலையில் என்னோடு டீ குடித்தாய், மதியம் இல்லை. அதற்கப்புறம் நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கடை போன் அடிக்கும். "பாய் ஹை க்யா?" என்று உன்னைத்தான் கேட்பார்கள். "பாய் நஹி ரஹே", பாய் இப்போது இல்லை என்று உண்மையைச் சொல்வேன். ஐயோ என்பார்கள், வருத்தப்படுவார்கள், வைத்துவிடுவார்கள். தங்கள் ஏசியைப் பற்றிப் பேச அவர்களுக்குக் கூச்சம், கேட்க எனக்குக் கூச்சம். வேலை குறைந்துகொண்டே வந்தது. பரமக்குடியிலிருந்து என் மைத்துனன் வாராவாரம் கூப்பிட்டான். "ஒத்தையில அங்க என்ன பண்றீங்க அத்தான், இங்க வந்துருங்க." கடையை மூடிவிட்டுக் கப்பல் ஏறலாம் என்று முக்கால்வாசி முடிவு செய்திருந்தேன்.

அப்போதுதான் கடற்கரைப் பக்கம் புதிதாகக் கெஸ்ட் ஹவுஸ் கட்டியவர் வந்தார். எல்லா அறைகளின் ஏசியையும் வருஷம் முழுவதும் நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "குட்வில் எஸ்டேட் தீதி சொன்னாங்க" என்றார். தீதியை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற வங்காளி அம்மா, நம் பழைய கஸ்டமர். அவர் ஒரு வார்த்தை சொன்னதால் நான் கடையை மூடவில்லை.

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். என்ன கொடுப்பது? உன் வேலை முதன்முறையாக என் தலையில் விழுந்தது. இதுகூடத் தெரியாதவன் இந்த ஊரில் தனியாகக் கடை நடத்தி என்ன கிழிக்கப்போகிறேன் என்று பயமே வந்துவிட்டது.

"ஒரு பொடவை எடுங்க" என்றாள் என் மனைவி. "அவங்க என்ன கலர் கட்டுவாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? அவங்க வீட்டு ஏசி மாடலக் கேளு, சொல்றேன்" என்றேன். உன் வீட்டுக்குப் போன் போட்டேன். "தங்கச்சி, தீதிக்கு என்ன பிடிக்கும்னு மச்சான் ஏதாவது சொல்லிருக்கானா?" என்று கேட்டேன். "எனக்கு என்ன பிடிக்கும்னே அவருக்குத் தெரியாதுண்ணே" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

பஜாரில் ஒருவன் சிப்பி லேம்பைக் காட்டி, "சூப்பரா போகுது சார்" என்றான். "டூரிஸ்டுக்குக் காட்டுடா அத" என்று எரிந்து விழுந்தேன். அலுத்துப்போய், பார்க்க லட்சணமாக இருந்த ஒரு டின்னர் செட்டை வாங்கிப் பளபளப்புக் காகிதம் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன்.

தீதி பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு தட்டாக எடுத்து மேசையில் வைத்தார். அவர் பேசியது இந்தியில். உனக்குத் தமிழிலேயே சொல்கிறேன். "ஆறு தட்டு! நான் ஒருத்தி. பையன் கல்கத்தாவுல. யாருக்குப்பா போடப்போறேன் இதுல?"

நான் கூனிக் குறுகிப்போனேன், மச்சான். ஒண்டியாக இருக்கிற அம்மாவுக்கு ஆறு தட்டு வாங்கிக்கொண்டு போன மடையன் நான்தான். "மாத்திக் கொண்டு வர்றேன் தீதி" என்று எழுந்தேன்.

"பைட்டோ" என்று ஒரு அதட்டல் போட்டார். உட்கார்ந்துவிட்டேன். "உங்க வீட்டுல எத்தனை பேர்?"

"நான், வீட்டுக்காரி, பொண்ணு."

"பாய் வீட்டுல?"

"மனைவி, பையன்."

விரல் மடக்கினார். "என்னோட சேத்தா ஆறு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட வரணும். மீன்தான் செய்வேன், ஹலாலான்னு யாருக்கும் யோசனை வேண்டாம்."

உன் மனைவி வரமாட்டாளோ என்று பயந்தேன். வந்தாள். இத்தா இருந்த துக்க நாட்கள் முடிந்தபிறகு அவள் விருந்துக்கென்று வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. தீதி கடுகு அரைத்து மீன் குழம்பு வைத்திருந்தார். உன் மகன் காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வர வர இன்னும் கேட்டு வாங்கித் தின்றான். எங்களுக்கு எதற்காக வேலை பிடித்துக் கொடுத்தீர்கள் என்று தீதியிடம் கேட்டேன். "நல்லா வேலை செஞ்சீங்க, சொன்னேன். இதுல என்ன கேள்வி?" என்று என் தட்டில் சோற்றைக் கொட்டினார். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உன்மேல் வந்த நன்றியைச் சொல்லி முடியாது. தீதி, கெஸ்ட் ஹவுஸ்காரர், அந்தக் குழம்பு, எல்லாம் நீ சாயா குடித்துச் சம்பாதித்து வைத்தது.

பாதிச் சாப்பாட்டில் என் சட்டைப்பையில் கடை போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன். தெரியாத குரல், புது ஆள். "பாய் கி துகான்?" என்று கேட்டான்.

எதிரே உன் மனைவி சோறு பிசைவதை நிறுத்திவிட்டாள். உன் பையனும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இத்தனை மாதமாகச் சொல்லிவந்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

"ஹான் ஜி, பாய் கி துகான். போலியே" என்றேன். பாய் கடைதான், சொல்லுங்கள் என்றேன், மச்சான். இனி யார் கேட்டாலும் அதுதான் பதில். மைத்துனனுக்கும் அன்று ராத்திரியே வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்ததும் உன் மனைவி கேட்டாள், "புது வேலை எந்த ஏரியாண்ணே?"