ஆவணக் கிடங்கிலிருந்து மருமகளுக்கு

ஷாங்காய்,
இலையுதிர் காலம், 1956

என் மருமகள் லான்ஃபெனுக்கு, மாமனார் எழுதுவது.

நான் சுகம். இது காசு கொடுத்து எழுதி வாங்கியதல்ல, என் கையெழுத்து. விரல் வலிக்கிறது, மனம் துள்ளுகிறது. என்னோடு சுமை தூக்கும் பாங், "யோவ் கிழவா, எமன்கிட்ட கையெழுத்துப் போடவா இந்த வயசுல படிக்கிற?" என்கிறான். "உன் பேரையும் சேத்தே போட்டுடறேன், கவலப்படாத" என்றேன்.

வேலை அதே கிடங்கில்தான். இந்த நகரத்தில் வெள்ளைக்காரர் ஆண்ட பகுதியின் பழைய காகிதங்கள்: நாய் வளர்க்க அனுமதி, சாக்கடைப் படம், ரிக்‌ஷா உரிமம். கட்டுகளை மாடியில் காயவைக்கும்போது எங்காவது நம் எழுத்து தெரிந்தால் நின்று வாசிக்கிறேன். உன் கணவன் ஷிலின் என்றைக்காவது வந்து நின்றால், அப்பன் எழுதியது என்று இதைக் காட்டு.

மேலே உள்ளதை எழுதி ஒரு வாரம் ஆகிறது.

ஓர் அட்டையில் நம் குடும்பப் பெயரை வாசித்தேன். சந்தோஷத்தில் பாங்கைக் கூப்பிட்டேன். அதன் கீழே ஷிலின் என்று இருந்தது. அதற்கும் கீழே நம் ஊர்.

மற்றதெல்லாம் ஆங்கிலம். மொழிபெயர்க்கும் தோழர் தௌவிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு, "உக்காருங்க பெரியவரே" என்றார் அந்தம்மா. போர் தொடங்கிய குளிர்காலம். நம் கணக்கில், வருடக் கடைசியில் அடுப்புத் தெய்வத்தை வழியனுப்பும் நாள். மருத்துவமனை, காய்ச்சல். உடலைக் கேட்டு யாரும் வரவில்லை என்று போட்டிருக்கிறதாம்.

அன்றைக்கு நான் அந்த மருத்துவமனைக்கு எதிரே, பாலத்துக்கு இந்தப் பக்கம் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். படையோடு தெற்கே போனான் என்று யாரோ சொன்னதை நம்பி உனக்கும் சொல்லியனுப்பினேன். அந்த அட்டை இருந்த கட்டு எனக்குப் பழக்கமானது. தட்டையான கட்டு. மூன்று வருடமாக அதன்மேல் உட்கார்ந்துதான் மதியச் சோறு தின்கிறேன்.

உன் மாமியார் இதைக் கேட்காமல் போய்ச் சேர்ந்தாள்.

இனி அவன் பிறந்தநாளுக்கு நீள நூடுல்ஸ் வேகவைக்காதே. ஆயுள் நீளட்டும் என்று உயிரோடிருப்பவர்களுக்குப் போடுவது அது. தெரியாமல் இத்தனை வருடம் போட்டோம். இனி அடுப்புத் தெய்வத்தின் நாளில் அவனுக்கு ஒரு கிண்ணம் சோறு வைத்து, செத்தவர்களுக்கான காகிதக் காசு எரி.

படகுக்காரர் பியன் உன்னைப் பெண் கேட்டதாகவும், கணவன் இருக்கிறான் என்று நீ திருப்பி அனுப்பியதாகவும் ஊரார் சொன்னார்கள். உனக்கு நாற்பதுதான் ஆகிறது. அவர் மறுபடி கேட்கும்வரை காத்திராதே, நீயே ஆளனுப்பு. கல்யாணத்துக்கு வர லீவு கேட்டுவிட்டேன். பெண்ணின் அப்பா உட்காரும் இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடு, மகளே.

ரோங் பாவ்தியன்