அடுப்புக்குத் திசை தெரியாது

அன்புள்ள வாண்டுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே அண்ணனும் அண்ணியும் நானும் சுகமாக இருக்கிறோம், அண்ணிக்கு முழங்காலில் மட்டும் ஒரு வீக்கம், அதற்கும் நீதான் காரணம், பின்னால் சொல்கிறேன். நீயும் சுகமாக இருக்கிறாய் என்றுதான் நானாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, பதினோரு நாளாக என் போனை நீ எடுக்கவில்லை, அனுப்பிய மெயிலையும் திறக்கவில்லை. அதனால்தான் இந்தக் காலத்தில் காகிதமும் பேனாவும். இது வந்து சேர நாலு நாள், தீசிஸுக்கான கேலக்ஸிப் பட்டியலை முடிக்க உன் கைடு கொடுத்த கெடு இருபத்தெட்டாம் தேதி, இன்றைக்கு இருபது, நேரம் இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கேலக்ஸி சரி. நான்தான் தப்பு. பட்டியலிலிருந்து அதை அடித்துவிடாதே.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீ இதைக் கைடிடம் அப்படியே சொல்ல வேண்டும். மூன்று மாதம் முன்னால் எங்கள் ரேடியோ தொலைநோக்கியில் உன் கேலக்ஸியை ஐந்து நாள் பார்த்தோம். வந்த படத்தில் நடுவில் கருந்துளை இருக்கும் இடம் பொட்டு மாதிரி, அதன் இரண்டு பக்கமும் அது பீய்ச்சியடித்த குட்டியான ஒரு ஜோடித் தாரை, அவ்வளவுதான். நீயோ அதற்கு வெளியே வெகு தூரத்தில் இன்னொரு ஜோடி இருக்கிறது, பழசு, மங்கிப்போனது, வேறொரு தொலைநோக்கியின் படத்தில் நிழல் மாதிரித் தெரிகிறது என்றாய். அந்தக் கருந்துளை ஒரு காலத்தில் வயிறு முட்டத் தின்று தாரையை அவ்வளவு தூரம் பீய்ச்சியிருக்கிறது, அப்புறம் தீனி கிடைக்காமல் அடங்கி, இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறது என்றாய். உன் தீசிஸே அந்த 'மறுபடி'தான். கைடு எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, வெளியே ஒன்றும் இல்லையே, நீ பார்த்தது வெறும் கறை என்று சொல்லிவிட்டார். நீ என்னைக் கூப்பிட்டு உங்க டிஷ்தான் என் கேலக்ஸியைத் தின்னுடுச்சு என்றாய். நான் என் கருவி பொய் சொல்லாது, இல்லாததைத் தேடாதே, போய் வேறு வேலையைப் பார் என்றேன். நீயும் அண்ணியிடம், சரி, வேறு வேலையே பார்க்கிறேன், ஆராய்ச்சியை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய்.

எங்கள் முப்பது டிஷ்ஷில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஜோடிகள்தான் பரந்து கிடப்பதைப் பிடிக்கும், தள்ளி நிற்கும் ஜோடிகள் நுணுக்கத்தைப் பிடிக்கும். இது உனக்குத் தெரிந்ததுதான், ஒட்டுவதற்கு முன்னால் படித்துக் காட்டு என்று அண்ணன் சொல்லியிருக்கிறார், அவருக்காக எழுதுகிறேன். அக்கம்பக்கத்து மின்சாமான்களின் இரைச்சலும் அந்த நெருங்கி நிற்கும் ஜோடிகளில்தான் விழும். முதல் நாள் பார்த்தபோது மத்தியானம் ஒரு மணி, அந்த ஜோடிகளில் ஏகப்பட்ட இரைச்சல். சாப்பாட்டு நேரம் என்றதும் நான் யோசிக்கவே இல்லை, கேன்டீன் மைக்ரோவேவ் அடுப்பு என்று முடிவு கட்டி, பதிவேட்டில் 'குப்பை' என்று ஒரே வார்த்தை எழுதி, அந்த ஜோடிகளின் பதிவை மொத்தமாக வெட்டிவிட்டேன். மற்ற நாலு நாளுக்கும் புரோகிராம் தானாகவே அதே வெட்டைப் போட்டுவிட்டது. அதோடு விட்டேனா, கேன்டீன்காரரிடம் போய்க் கத்தி, அடுப்பைப் பிடுங்கி ஸ்டோரில் பூட்டினேன். மூன்று மாதமாக எல்லோரும் ஆறிப்போனதைத் தின்கிறோம். அந்த மனுஷன் வாய் சும்மா இருக்காது, தட்டு வைக்கும்போதெல்லாம் சூடா வேணும்னா வானத்துல காட்டி எடுத்துக்குங்க சார் என்பார்.

போன வியாழக்கிழமை நான் சாப்பிடும்போது எதிரில் வந்து உட்கார்ந்து, என் அடுப்பு மேல பழி போட்டீங்களே, அது எந்தத் தேதி சார் என்றார். சொன்னேன். அன்னைக்கு நான் பல்லு புடுங்கப் போயிட்டேன், கேன்டீனே பூட்டு, நீங்கல்லாம் பன்னு வாங்கித் தின்னீங்க, மறந்துபோச்சா என்றார். கை கழுவக்கூடத் தோன்றவில்லை, எழுந்து ஓடினேன். நல்லவேளை, வெட்டியது அழியவில்லை, ஓரமாகக் கிடந்தது. இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் டிஷ்களை வேறு பக்கம் திருப்பி மூன்று நிமிடம் அளவு சரிபார்ப்போம் இல்லையா, அந்த மூன்று நிமிடமும் இரைச்சல் சுத்தமாக இல்லை. உன் கேலக்ஸிக்குத் திரும்பினால் மறுபடி வருகிறது. ஐந்து நாளும் அப்படியே. டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு அடுப்புக்கு எப்படித் தெரியும்? வெட்டியதை எல்லாம் சேர்த்துப் படத்தைப் போட்டேன், கணினி ஐந்து மணி நேரம் உருட்டியது, நான் அதற்குள் இருபது தடவை எழுந்து நடந்திருப்பேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது பார், நடுவில் பொட்டு, உன் குட்டி ஜோடி, அதே கோட்டில் வெளியே, அம்மாடி எவ்வளவு தள்ளி, இரண்டு பக்கமும் ஊதிய பலூன் மாதிரி உன் பழைய ஜோடி, மேல் பக்கத்தது கொஞ்சம் வளைந்து. முனைக்கு முனை முப்பது லட்சம் ஒளியாண்டு. நீ சொன்ன இடத்தில், நீ சொன்ன வளைவோடு. நான் ரிசீவர் ரிப்பேர் பார்க்கிறவன், ஏழு வருஷமாகக் கோடும் எண்ணும்தான் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது இதுதான் முதல் தடவை. கேன்டீன்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இதுக்கா சார் என் அடுப்பு போச்சு என்றார். மன்னிப்புக் கேட்டு அடுப்பை அப்போதே கொடுத்துவிட்டேன். உன்னிடமும் கேட்கிறேன், அதையும் இந்தக் கடிதத்திலேயே வரவு வைத்துக்கொள்.

மறுநாள் எங்கள் தலைவர் தவறுப் பதிவேட்டில் எழுதச் சொன்னார். தவறு செய்தவர் என்ற இடத்தில் என் பெயர். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதி, பக்கத்தில் 'என் மகள்' என்று போட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேப்பா என்றார். அண்ணன் மகள் சார், என்னைவிட ஏழு வயசுதான் சின்னவள், முறைக்கு மகள் என்றேன். அப்ப அண்ணன் மகள்னு திருத்து என்றார். திருத்தவில்லை. அந்தப் பக்கத்தின் நகலும் படமும் இதோடு இருக்கின்றன, தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் உன் கைடுக்குத் தனியாகப் போய்விட்டது. இனி அவர் கறை என்று சொன்னால் என்னைக் கூப்பிடச் சொல், நான் பேசிக்கொள்கிறேன்.

முழங்கால் விஷயம். நீ வருகிறாய் என்றதும் அண்ணி உன் அறையிலிருந்த தையல் மெஷினை நடையில் இழுத்துப் போட்டுவிட்டார், அண்ணன் உன் கட்டிலைத் துடைத்து வைத்தார். அன்றிலிருந்து எல்லோரும் மெஷினில் இடித்துக்கொள்கிறோம், ஒருத்தரும் நகர்த்தச் சொல்லவில்லை. நீ வந்தால் அண்ணனுக்குச் சந்தோஷம்தான், ஆனால் தோற்று வருகிறாளே என்று மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன், புரிந்ததோ இல்லையோ, ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். வேளாவேளைக்குச் சாப்பிடு, அந்தக் கருந்துளை மாதிரி ஒரேயடியாகத் தின்றுவிட்டு அப்புறம் பட்டினி கிடக்காதே. அப்பா அம்மா ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஏழு வயசு வித்தியாசத்தில் ஆசி சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, முறை இருக்கிறதே, சொல்லித்தானே ஆக வேண்டும், நீ நன்றாக இருப்பாய். போனை எடு. கடிதத்தை ஒட்டிவிட்டு நானும் அண்ணனும் மெஷினை உன் அறைக்குள் தள்ளப் போகிறோம், தீசிஸை முடித்துவிட்டு நீ வரும்போது நீயே வெளியே இழுத்துக்கொள்.

இப்படிக்கு,
முறைக்கு அப்பன்,
உன் சித்தப்பா